யூலை 20ஆ, 21ஆ? ‘வரலாற்றில் இன்று’ திகதிகள் ஏன் முட்டுகின்றன?

காலைக்கூட்டத்தில் வாசிக்க யூலை 20 நிகழ்வுகளைத் திரட்டும்போது, நிலவில் மனிதன் கால் வைத்தது ஓரிடத்தில் 20 என்றும் வேறிடத்தில் 21 என்றும் இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரி.

அப்பல்லோ 11 தரையிறங்கியது 1969 யூலை 20, உலகப் பொதுநேரம் 20:17. இலங்கை நேரம் அப்போதும் ஐந்தரை மணி முன்னே. கூட்டிப் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் 21 அதிகாலை 1:47. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தது பொதுநேரம் 21, 02:56. இங்கே காலை 8:26, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு! அமெரிக்காவில் அது இன்னும் 20 இரவு. எங்கள் நேரப்படி வைத்தால், 1960 யூலை 21இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானதோடு ஒரே நாளில் வரும். வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் இறங்கிய 1976 யூலை 20இல் இந்தச் சிக்கல் இல்லை. இங்கே அப்போது மாலை.

1996 முதல் 2006 வரையான நிகழ்வென்றால் கவனம். அக்காலத்தில் எங்கள் கடிகாரம் பெரும்பாலும் ஆறு மணி முன்னே ஓடியது.

பழைய நிகழ்வுகளில் நாட்காட்டியே மாறும்: சில நாடுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன, நாங்கள் இன்று பார்ப்பது புதிய கிரெகோரியன் நாட்காட்டி. ரஷ்ய ஒக்டோபர் புரட்சி அங்கே 1917 ஒக்டோபர் 25, எங்களுக்கு நவம்பர் 7. கலிலியோ இறந்த 1642இலேயே நியூட்டன் பிறந்தார் என்று சொல்வதும் இதில் அடிபடும்: நியூட்டனின் டிசம்பர் 25 பழைய கணக்கு, புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4.

பலகையில் எழுதும்போது திகதிக்குப் பக்கத்தில் ‘இலங்கை நேரம்’ அல்லது ‘பழைய நாட்காட்டி’ என்று போட்டுவிடுங்கள்.