வாட்சனின் காலும் திங்கட்கிழமை மதிய உணவு மேசையும்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சேலத்திலிருந்து அமெரிக்காவின் கிரீன் பே வந்து ஏழு வாரம் ஆகிறது என்கிறீர்கள். 2025 அக்டோபர் 26, ஞாயிறு இரவு பிட்ஸ்பர்க்கில், இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸை எதிர்த்து, அதன் பழைய வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் முதல் முறையாக ஆடினார். மறுநாள் ஊரே அவரைப் பற்றித்தான் பேசும் என்று நினைத்து, விளங்காத ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு அலுவலகம் போயிருக்கிறீர்கள். அங்கே மதிய உணவு மேசையில் கிறிஸ்டியன் வாட்சன் என்ற பேக்கர்ஸ் வீரரின் முழங்கால், தொடை, அவர் ஓடியபோது எந்தக் காலில் பாரம் போட்டார் என்பதே பேச்சாக இருந்திருக்கிறது. "சந்தையில் மாட்டுக்குக் கால் பார்ப்பது போல ஒரு மனிதரின் உடம்பைப் பற்றி இப்படிப் பேசுகிறார்களே, அக்கா? இதில் நானும் கலந்துகொள்ளத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. காகித ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் வேலை. உங்கள் கேள்வியின் முதல் பாதி எனக்கும் வந்ததுதான். இரண்டாம் பாதிக்குப் பதில்: கலந்துகொள்ளுங்கள். ஆனால் ஆட்டத்தின் விதிகளில் ஆரம்பிக்க வேண்டாம். வாட்சனின் காலிலேயே ஆரம்பியுங்கள். இந்த ஊருக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இப்போது இல்லை.

கதையைச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் பேக்கர்ஸ் தன் மிகச் சிறந்த வைட் ரிசீவரான டேவான்டே ஆடம்ஸை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. வைட் ரிசீவர் என்பவர் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் மின்னலாய் ஓடி, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பந்தைப் பிடிப்பவர். ஆடம்ஸ் போன இடம் வெறுமையாகக் கிடந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் வீரர் தேர்வு அடுத்த மாதம் நடந்தது. அதில் தன்னிடமிருந்த இரண்டு வாய்ப்புகளை மினசோட்டா அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு 34ஆவது வாய்ப்பை வாங்கி, வாட்சனை எடுத்தது அணி. வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பையன். 6 அடி 4 அங்குல உயரம். 40 கெஜத்தை 4.36 நொடியில் ஓடியவர். அந்த உயரத்துக்கு அந்த வேகம் மிக அபூர்வம். அவருடைய தந்தையையும் 1993இல் இதே பேக்கர்ஸ்தான் தேர்ந்தெடுத்தது என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் தித்திப்பு.

முதல் ஆட்டம் மினியாபொலிஸில். அணியின் முதல் வீச்சிலேயே, அப்போது பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்த ராட்ஜர்ஸ் நீளமாகப் பந்தை அனுப்பினார். வாட்சனைச் சுற்றி ஒருவரும் இல்லை. பிடித்திருந்தால் 75 கெஜ டச்டவுன்; எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதுதான் டச்டவுன். கைக்கு வந்த பந்து நழுவியது. அன்றைக்கு என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போவில் டல்லாஸ் அணியை எதிர்த்து அதே வாட்சன் மூன்று டச்டவுன் எடுத்தார். அன்றும் அந்தப் பெரியவர் வாசலுக்கு வந்தார், அழுதுகொண்டிருந்தார்.

அந்த இரண்டு மாத இடைவெளியில்தான் காயக் கதை ஆரம்பித்தது. தொடையின் பின்தசை. ஹாம்ஸ்ட்ரிங் என்ற சொல்லை நீங்கள் இங்கே ஆயிரம் தடவை கேட்பீர்கள். பிடித்துக்கொண்டது, ஓய்வெடுத்தார், வந்தார், திரும்பப் பிடித்துக்கொண்டது. 2023இல் முதல் மூன்று ஆட்டங்கள் அதனால் போயின. டிசம்பர் 3 அன்று கான்சாஸ் சிட்டிக்கு எதிராக இரண்டு டச்டவுன் எடுத்த ஆட்டத்திலேயே கடைசிப் பகுதியில் மறுபடியும் தொடையைப் பிடித்தபடி வெளியேறினார். அதற்கடுத்த ஐந்து ஆட்டங்களும் இல்லை. முதல் மூன்று பருவங்களில் 51 ஆட்டங்களில் 38இல்தான் அவர் களமிறங்கினார்.

இந்தத் தசை ஏன் இப்படிப் படுத்துகிறது என்று எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்; அந்த அளவுக்குப் பேசியிருக்கிறோம். அது இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைக் கடந்து செல்கிறது. முழு வேகத்தில் ஓடும்போது, நீட்டிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், தசை உச்சமாக இழுபட்டிருக்கும் அந்தக் கணத்திலேயே வேகத்தையும் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அங்கேதான் கிழிகிறது. ஒருமுறை கிழிந்த இடத்தில் தழும்பு விழுந்துவிட்டால் முன்போல நெகிழாது. ஒருமுறை கிழிந்தவருக்கு மறுமுறை கிழியும் ஆபத்து கூடுகிறது. வேகமே தொழிலாக உள்ளவருக்கு அந்த வேகமே பகை. மெதுவாக ஓடு என்று அவரிடம் சொல்ல முடியாது.

அணியின் கவலையும் இங்கேதான் சிக்கலாகிறது. ஒரு ரிசீவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று விட்டுவிட முடியவில்லை. வாட்சன் களத்தில் இருந்தால் எதிரணி அவருக்குப் பயந்து ஆட்களைப் பின்னால் நிறுத்துகிறது. அதனால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. 2024 பருவத்தில் அவர் பிடித்தவை 29 பந்துகள்தான், ஆனால் அவற்றால் அணி முன்னேறிய தூரம் 620 கெஜம்; ஒரு பந்துக்கு 21 கெஜத்துக்கு மேல். பந்து தொடாமலே ஆட்டத்தை மாற்றுகிற ஆள் அவர். அப்படிப்பட்டவரை நம்பித் திட்டம் போட்டால், யார் எவ்வளவு பயிற்சி செய்தார் என்று சொல்லும், புதன்கிழமை வரும் காயப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துத் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. நம்பாமல் திட்டம் போட்டால் அவர் வேகம் வீணாகிறது. இரண்டுக்கும் நடுவில் பயிற்சியாளர்கள் படும் பாட்டைத்தான் உங்கள் மேசையில் பேசுகிறார்கள்.

"காயத்துக்கு வாக்கப்பட்ட உடம்பு" என்ற பொருளில் இங்கே ஒரு சொல்லை அவர்மேல் ஒட்டினார்கள். எனக்கு அந்தச் சொல் அறவே பிடிக்காது. அது காரணம் தேடுவதை நிறுத்திவிடுகிறது. உடம்பின் குறையை மனிதரின் குணமாக்கிவிடுகிறது. வாட்சன் அதை ஏற்கவில்லை. 2024 தொடக்கத்தில் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் போய்க் கால்களைச் சோதிக்கச் சொன்னார். ஒரு காலின் பலத்துக்கும் மறு காலின் பலத்துக்கும் ஏறக்குறைய 20 சதவீதம் வித்தியாசம் இருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் அதற்கென்றே பயிற்சி செய்து, அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்தார். அந்தப் பருவம் 17இல் 15 ஆட்டங்கள் ஆடினார். ராசியில்லாதவர் என்று ஊர் முடிவு கட்டியிருந்த ஒருவருக்கு, கணக்கிட்டுச் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

அந்த நிம்மதி பருவத்தின் கடைசி ஆட்டம்வரைதான். 2025 ஜனவரி 5, சிகாகோவுக்கு எதிராக லாம்போவில், யாரும் இடிக்காமலே அவர் வலது முழங்கால் மடங்கியது. முன்சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது. தொடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு வாரம் கழித்துப் பிலடெல்பியாவில் நடந்த நாக்அவுட் ஆட்டத்தில் அவர் இல்லாத அணி 22–10 என்று தோற்று வெளியேறியது. ஏப்ரலில் வீரர் தேர்வு இந்த ஊரிலேயே, லாம்போவுக்கு எதிரிலேயே நடந்தது. நானும் கூட்டத்தில் நின்றேன். முதல் சுற்றில் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரின் பெயரை அறிவித்தபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முதல் சுற்றில் பேக்கர்ஸ் ஒரு ரிசீவரை எடுத்தது 2002க்குப் பிறகு அதுவே முதல் தடவை. நானும் கத்தினேன். கத்தி முடித்ததும், இதே நேரத்தில் எங்கோ காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் ஒன்பதாம் எண் சட்டைக்காரர் வாட்சன் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணி அதே பெயரைச் சொன்னார்.

உங்கள் மாட்டுச் சந்தைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் வீரர் தேர்வுக்கு வரும் பிள்ளைகளை நிறுத்தி உயரம், எடை, கையின் நீளம் எல்லாம் அளக்கிறார்கள். போட்ட ஒப்பந்தத்தின் பணம் முழுவதும் கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட வாட்சனின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். இந்தப் பருவத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முழங்கால் அறுந்த நேரமும் ஒப்பந்தம் முடியும் நேரமும் ஒன்றாக வந்தால் ஒரு இளைஞரின் தூக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், தம்பி. வேலையோடு விசா கட்டப்பட்டவர்கள் நாம். செப்டம்பரில், அவர் ஒரு ஆட்டம்கூடத் திரும்ப ஆடாத நிலையில், அணி இன்னொரு ஆண்டுக்கு ஒப்பந்தத்தை நீட்டியது. அன்று ஆலையில் கைதட்டினார்கள். சந்தையில் மாட்டின் காலைப் பார்ப்பவர் அது பிழைத்ததற்குக் கைதட்ட மாட்டார்.

ஏன் கைதட்டினார்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 1923 முதல் பொதுமக்களிடம் பங்கு விற்று நடக்கிறது. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். லாபப் பங்கு ஒரு காசு வராது. எங்கள் கூடத்தில் ஒருவர் அந்தச் சான்றிதழைத் திருமணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பயிற்சி முகாம் காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் சைக்கிளை வீரர்களிடம் கொடுக்க, அந்த ஆறடி மனிதர்கள் அதில் மைதானம்வரை மிதித்துப் போவார்கள். பிள்ளை தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடும். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் இது. தன் சைக்கிளை மிதித்தவரின் முழங்காலைப் பற்றி அந்தப் பிள்ளை கவலைப்படாமல் இருக்குமா? 2021இல் கிரிக்கெட் வீரர் நடராஜனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது சேலத்துக் கடைகளில் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சின்னப்பம்பட்டிக்காரரின் முழங்காலை விலை பேசினீர்களா?

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. ஒன்றுமில்லை என்று சொல்லி மறுநாளே வேலைக்குப் போனேன். முடியவில்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. வேலை போய்விடுமோ, இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்ற பயம் பதினைந்து ஆண்டு கழித்தும் எனக்குப் போகவில்லை. ஆறாம் நாள் கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. இயந்திரப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்த ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். அன்று புதன்கிழமை. காயப் பட்டியலில் பயிற்சியைக் குறிக்கும் மூன்று சொற்களைச் சொல்லி, "முழுதாகவா, பாதியாகவா, இல்லவே இல்லையா?" என்று கேட்டார். முழுதாக என்றேன். "வாட்சனும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைத்தார்" என்றார். என் கைப்பையை எடுத்துக்கொண்டு காரிலேற்றி மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டார். தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் கூடத்தில் ஒவ்வொருவராக என் வேலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் சொல்கிறேன். குளிர் தொடங்கப் போகிறது. பனி அள்ளும்போது முதுகு பிடித்தாலும், வழுக்கி விழுந்தாலும், மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்து, எந்த மருத்துவர் உங்கள் திட்டத்தில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் ரசீதைப் பார்த்து நெஞ்சு வலிக்கும்.

மேசையில் என்ன பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தெரிந்த மாதிரி பேச வேண்டாம், யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஞாயிறு இரவு அவர் ஓடியதைப் பார்த்தேன், கால் நன்றாக இருந்ததா?" என்று கேளுங்கள், போதும். நான்கு பந்து, 85 கெஜம், பத்து மாதத்துக்குப் பிறகு. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் 2022இல் அவருக்கு அந்த முதல் பந்தை எறிந்த ராட்ஜர்ஸ். பேக்கர்ஸின் 35–25 வெற்றியைவிட அவர் விழுந்து எழுந்த ஒவ்வொரு தடவையும்தான் எங்கள் வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நீங்கள் கேட்டுவிட்டால், உங்கள் பக்கத்தில் இருப்பவர் அரை மணி நேரம் பேசுவார். ரிசீவர் எங்கே நிற்பார், எதற்கு ஓடுவார் என்பதெல்லாம் உப்பு டப்பாவை நகர்த்தியே காட்டிவிடுவார். என்னிடம் அப்படித்தான் காட்டினார்கள்.

வரும் ஞாயிறு, நவம்பர் 2, மதியம் 12 மணிக்குக் கரோலினா அணி லாம்போவுக்கு வருகிறது. டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வருவார். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்கிறேன். அன்று விடியற்காலை இரண்டு மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், சுவர்க் கடிகாரம் மாறாது. அதை நம்பிப் பதினோரு மணிக்கே வந்து நின்றாலும் பரவாயில்லை, கதவைத் தட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா