வயிறு சும்மாதானே இருக்கிறது, சோதனை எதற்கு?

கேள்வி: அப்பா தட்டோன் பக்கம் வயலில் வெறுங்காலோடு உழைத்தவர். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு தருவதற்கு முன் ரத்தமும் மலமும் சோதிக்கச் சொல்கிறார் டாக்டர். வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: நல்ல டாக்டர்தான் அம்மா, சோதனையை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்றொரு புழு, 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக ஏறிக் குடலில் குடியேறி, உடம்புக்குள்ளேயே மறுபடி மறுபடி தொற்றிக்கொள்வதால் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் உழைத்த போர்க்கைதிகள் சிலரிடம் 30 வருடம் கழித்தும் இதைக் கண்டார்கள். (அங்கே உழைத்த நம் மலாயாத் தமிழர்களை யார் தேடிப் போய்ச் சோதித்தார்கள்?) இதை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்புச் சக்திதான். ஸ்டீராய்டு அதை ஒடுக்கினால் புழு கட்டுக்கடங்காமல் பெருகிக் குடலைத் துளைத்துக்கொண்டு நுரையீரல், சில சமயம் மூளை வரைக்கும் போகும், போகிற போக்கில் குடல் பாக்டீரியாக்களையும் ரத்தத்தில் கலந்துவிடும். பலருக்கு உயிராபத்து அதனால்தான். ஒரு தடவை மலத்தில் தெரியவில்லை என்றால் நம்ப வேண்டாம், அதனால்தான் ரத்தச் சோதனையும். கடையில் வாங்கும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் சரி, அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.