எந்த வேலைக்கு எந்த மென்பொருள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றில் மென்பொருளின் பெயர் இருக்கிறது. கையில் இருக்கும் கோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோப்பு எப்படி இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

ஜவுளி மொத்த வியாபாரத்தில் கணக்கு பார்க்கிறேன். மூன்று வருட விற்பனையை சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) கோப்பாக எடுத்தேன். 14 லட்சம் வரிகள் இருக்க வேண்டும். எக்செலில் பத்து லட்சத்துச் சொச்சத்தோடு நின்றுவிடுகிறது. புது கம்ப்யூட்டர் வாங்கணுமா சார்? (ஈரோடு)

வேண்டாம், கம்ப்யூட்டரில் குறையே இல்லை. எக்செலின் ஒரு தாளில் 10,48,576 வரிகள்தான் பிடிக்கும். ரேம் எவ்வளவு போட்டாலும் அந்த எண் மாறாது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இன்னும் மோசம், 65,536 வரிகள்தான். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் ஏறாமல் போனதற்கு இந்தப் பழைய வடிவம்தான் காரணம். அதனால் முதல் வேலை: அப்படிப் பாதியில் நின்ற கோப்பை அதே பெயரில் சேமித்துவிடாதீர்கள். மிச்ச வரிகள் போயே போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள். இலவசம், ஒரே ஒரு நிரல் கோப்பு, சர்வர் எதுவும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் பைத்தான் மொழி பிறந்த அதே ஆய்வு நிலையத்தில்தான் இதுவும் உருவானது. சிஎஸ்வி கோப்பின் பெயரையே அட்டவணையின் பெயர் மாதிரி கொடுத்து, தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் கேள்வி கேட்கலாம். 14 லட்சம் வரி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யத் தயக்கமாக இருந்தால் டிபீவர் என்ற மென்பொருளை நிறுவி அதன் வழியாகத் திறங்கள். எஸ்க்யூஎல்லின் செலக்ட், வேர், குரூப் பை ஆகிய மூன்று கட்டளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடலாம். ஊர்வாரி, மாதவாரி கூட்டுத்தொகையை அதில் எடுத்துச் சில நூறு வரிகளாகச் சுருக்கிய பிறகு எக்செலுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே அதற்கு நிகர் கிடையாது.

அறக்கட்டளையில் வேலை. பயனாளிகள் பட்டியலை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கோணல்மாணல் எழுத்தாக வருகின்றன. வங்கிக் கணக்கு எண்களும் சரியாக இல்லை. வேறு மென்பொருள் சொல்லுங்கள். (மதுரை)

மென்பொருளை மாற்ற வேண்டாம், திறக்கும் விதத்தை மாற்றுங்கள். சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்கவே கூடாது. அப்படித் திறந்தால் அது எந்த எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) என்று எக்செல் தானாக ஊகிக்கிறது. தமிழுக்கு அந்த ஊகம் பல நேரம் தவறிப்போகும்.

எழுத்துக் கோளாறாவது கண்ணுக்குத் தெரியும். எண்களில் நடப்பது தெரியாது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண் வந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் பூஜ்யம் இருந்தால் அது காணாமல் போகும். பல வருடங்களுக்கு முன்பு இப்படி ஒரு பட்டியல் என் கையைத் தாண்டி வங்கிவரை போய்விட்டது. பணம் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன்: வரிசையாக எல்லாக் கணக்கும் பூஜ்யத்தில் முடிந்தது. அன்றிலிருந்து எண் வடிவத்தில் இருக்கும் அடையாளம் எதையும் நான் எண்ணாக நடத்துவதில்லை. கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் எழுத்துதான்.

எக்செலில் டேட்டா பட்டியலுக்குப் போய் 'டெக்ஸ்ட், சிஎஸ்வி' வழியாகக் கோப்பை எடுங்கள். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். தரவு வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லலாம். இலவச விரிதாளான லிப்ரே ஆபீஸ் கால்க் இன்னும் நல்லது. சிஎஸ்வியைத் திறக்கும்போதே இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். ஏற்கனவே எக்செலில் சேமித்த கோப்பில் தொலைந்த இலக்கங்கள் திரும்ப வராது, மூலக் கோப்பைத்தான் மறுபடி வாங்க வேண்டும்.

மருந்து விநியோகம் செய்கிறோம். ஒரே கடையின் பெயரை ஐந்தாறு விதமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏஐ மென்பொருளிடம் கொடுத்துச் சரி செய்யலாமா? (கோயம்புத்தூர்)

கடைப் பெயர்களை வெளியே அனுப்புவதற்கு முன், தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளைப் பாருங்கள். பிரவுசரில் திறந்தாலும் அது ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில்தான், தரவு வெளியே போகாது.

அதில் 'கிளஸ்டர்' என்று ஒரு வசதி. பெயர்களில் உள்ள புள்ளி, கமாவை நீக்கி, சொற்களைப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி ஒப்பிடும். 'முருகன் மெடிக்கல்ஸ், காந்திபுரம்' என்பதும் 'காந்திபுரம் முருகன் மெடிக்கல்ஸ்' என்பதும் அப்போது ஒன்றாகிவிடும். 'மெடிக்கல்ஸ்', 'மெடிகல்ஸ்' மாதிரி ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு அண்மை ஒப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை எழுத்து மாற்றினால் ஒன்று இன்னொன்றாகும் என்று எண்ணிப் பார்க்கும் முறை அது.

இதில் எனக்குப் பிடித்தது, எதையும் தானாகச் சேர்த்துவிடாது. இந்த நான்கும் ஒன்றா என்று காட்டிவிட்டு உங்கள் பதிலுக்காக நிற்கும். காந்திபுரத்திலும் சிங்காநல்லூரிலும் வேறு வேறு முருகன் மெடிக்கல்ஸ் இருக்கலாம். அது உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரியும், எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். செய்த ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். தப்பு நடந்தால் பின்னால் போகலாம், அடுத்த மாதக் கோப்புக்கும் அதே படிகளை ஓட்டலாம்.

பழைய பாடசாலை மலர்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. எழுத்தாக மாற்ற எந்த ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) நல்லது? (யாழ்ப்பாணம்)

முதலில் ஒரு வரியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'தமிழ்' இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துரு. அதற்கு ஓசிஆர் வேண்டியதே இல்லை. பாமினியிலிருந்து இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவி போதும், பிழையும் மிகக் குறைவு.

எதுவுமே பிரதியாகவில்லை என்றால் அது வெறும் படம். 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற இலவச ஓசிஆரில் கொடுங்கள். தமிழ்த் தரவைத் தனியாக நிறுவ வேண்டும். 'ர'வையும் துணைக்காலையும் அது குழப்பிக்கொள்ளும் என்பதால் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் செயலியில் தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் வரவில்லை. பத்து எழுத்தில் வெட்டினால் புள்ளி போய்விடுகிறது. தனி லைப்ரரி (நிரல் தொகுப்பு) எழுதணுமா? (சென்னை)

எழுத வேண்டாம், இரண்டுக்கும் தீர்வு ஏற்கனவே இருக்கிறது. அகராதியில் மரம், மலர், மனம் என்றுதான் வரும், 'ன' கடைசி மெய் ஆயிற்றே. யூனிகோடு எண்களில் 'ன' 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெறும் எண்வரிசைப்படி அடுக்கினால் மனம் முதலில் வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பயன்படுத்தினால் ஐசியூ என்ற லைப்ரரியின் தமிழ் கொலேஷனை, அதாவது வரிசை விதியைப் போடுங்கள், 10ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

நீளமும் அப்படித்தான். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஓப்பன்-தமிழ் லைப்ரரி எழுத்துகளாகவே பிரித்துக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் செக்மென்டர் இருக்கிறது. புள்ளி போனால் ஒருவருடைய பெயரே மாறிவிடுகிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு எந்தத் தரவுத்தளம், மாங்கோடிபியா, மைஎஸ்க்யூஎல்லா? (திருநெல்வேலி)

விடுதி மெஸ் கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். மொத்த தரவுத்தளமும் ஒரே கோப்பு, பென்டிரைவில் எடுத்துப் போய்த் தேர்வாளரிடம் காட்டலாம். ஒரே நேரத்தில் பல பேர் எழுதும் நிலை வந்தால் போஸ்ட்கிரெஸுக்கு மாறுங்கள். அதற்கு முன் மாணவர், சாப்பாடு, தேதி, தொகை ஆகிய நான்கையும் எத்தனை அட்டவணையாகப் பிரிப்பது என்று தாளில் வரைந்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.