கேள்வி நேரம்: காற்றுத் தூசியில் கரிமச் சேர்மங்கள்

கேள்வி: காற்றுத் தூசியைப் பிடிக்கும் புத்தம்புது குவார்ட்ஸ் ஃபில்டரை எதற்கு ஃபர்னஸில் சுடச் சொல்கிறார்கள்?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: புதுசுதான், சுத்தம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும்போதே குவார்ட்ஸ் இழை சுற்றுக் காற்றின் கரிம ஆவிகளைக் குடித்துவிடும். 550 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு மணி நேரம் சுட்டு, அதேபோலச் சுட்டெடுத்த அலுமினியத் தாளில் மடித்து வையுங்கள். வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள்) ஏறி, ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) 149 என்ற நிறையில் தலைநீட்டும். ஒரு ஃபில்டரைக் களத்துக்கு எடுத்துப்போய், சாம்ப்ளரில் (காற்றை ஃபில்டர் வழியே இழுக்கும் கருவி) மாட்டி, பம்ப்பை ஓட்டாமலே திரும்பக் கொண்டுவாருங்கள். அதில் வரும் அளவைக் கழிக்காத எந்த முடிவையும் நம்ப வேண்டாம். காற்று இழுத்து முடிந்த ஃபில்டர் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஒரே ஃபில்டரை இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தோம். மொத்தக் கார்பன் ஒத்துப்போகிறது. கரிமக் கார்பன் (ஓசி), தனிமக் கார்பன் (ஈசி) இரண்டும் ஒத்துப்போகவில்லை. தவறு யாருடையது?
– வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் யாருடையதும் இல்லை. ஃபில்டரிலிருந்து வெட்டிய சிறு துண்டை முதலில் ஆக்சிஜன் இல்லாத ஹீலியத்தில் சூடாக்குவார்கள். ஓசி ஆவியாகிப் போகும். ஆனால் அதில் ஒரு பங்கு போகாமல் அங்கேயே கருகி, ஈசி போல வேஷம் போடும். ஃபில்டர் கருக்கக் கருக்க, அதன் மேல் பாய்ச்சி அளக்கும் லேசர் ஒளி குறையும். பிறகு 2 சதவீத ஆக்சிஜன் விட்டு எரிக்கும்போது கருகல் தீர்ந்து, ஒளி தொடங்கிய அளவுக்குத் திரும்பும். அந்தக் கணத்துக்கு முன் வந்ததெல்லாம் ஓசி, பின் வந்தது ஈசி.

சிக்கல் இங்கேதான். இம்ப்ரூவ்-ஏ முறையில் ஹீலியக் கட்டம் 580 டிகிரியில் நின்றுவிடும். யூசார்-2 முறையில் 650 வரை போகும். ஒளியைப் பிரதிபலிப்பில் பார்த்தால் மேற்பரப்புதான் தெரியும். ஊடுருவலில் பார்த்தால் இழைக்குள் கருகியதும் கணக்கில் வரும், அதனால் ஈசி குறையும். முறையின் பெயரையும் ஒளி பார்த்த விதத்தையும் எழுதாமல் ஈசி எண்ணை மட்டும் அனுப்பும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கருவியைச் சோதிக்கச் சர்க்கரை போதும். லிட்டருக்கு 10 கிராம் சுக்ரோஸ் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விட்டு, ஈரம் காய்ந்தபின் ஓட்டினால் 42.1 மைக்ரோகிராம் கார்பன் வர வேண்டும். சர்க்கரையில் ஈசி கிடையாது. கணிசமாக வந்தால் லேசரைக் கவனியுங்கள்.

கேள்வி: போகியன்று சென்னையில் பிடித்த ஃபில்டரில் எரிந்தது விறகா, டயரா என்று சொல்ல முடியுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பாதி சொல்லலாம். விறகு, பாய், காகிதம் என்று செல்லுலோஸ் எரிந்தால் லெவோகுளுகோசன் என்ற சர்க்கரை வகைச் சேர்மம் வரும். டயரிலோ பிளாஸ்டிக்கிலோ அது வராது. பிளாஸ்டிக் குப்பைக்கு 1,3,5-ட்ரைஃபீனைல்பென்சீனைத் தேடுங்கள், நிறை 306.

லெவோகுளுகோசன் அப்படியே ஜிசியில் ஒழுங்காக ஓடாது. டைகுளோரோமீத்தேன்-மெத்தனால் கலவையில் பிரித்தெடுத்து, நைட்ரஜன் ஊதிக் காயவைத்து, பிஎஸ்டிஎஃப்ஏ (சேர்மத்தை ஜிசியில் ஓடும்படி மாற்றும் மருந்து) சேர்த்து 70 டிகிரியில் 3 மணி நேரம் வையுங்கள். சொட்டு ஈரமோ மிச்ச மெத்தனாலோ இருந்தால் மருந்து அதோடேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். சிகரம் குட்டையாக வரும். 'மாதிரியில் லெவோகுளுகோசன் குறைவு' என்று எழுதப்படும் பல முடிவுகளுக்கு இந்த ஈரம்தான் காரணமோ என்ற சந்தேகம் எங்களுக்கு உண்டு. 204, 217, 333 நிறைகளைப் பாருங்கள். இதன் உறவுச் சேர்மங்களான மன்னோசன், கேலக்டோசன் இரண்டும் இதே நிறைகளைக் காட்டும் என்பதால், வெளிவரும் நேரத்தையும் தூய சேர்மத்தோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: எரிபுகையில் வரும் புற்றுநோய்க் காரணியான பென்சோ(ஏ)பைரீனை அளக்க நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுக்கும் சாம்ப்ளர் போதுமா?
– ஆய்வக உதவியாளர், தூத்துக்குடி

பதில்: ஒட்டிப்பிடித்துப் போதும். நாளுக்கு 24 கன மீட்டர் காற்று. இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 1 நானோகிராம். ஆக வரம்பளவு இருந்தாலும் முழு ஃபில்டரில் 24 நானோகிராம்தான். பிரித்தெடுத்த கரைசலை 1 மில்லியில் நிறுத்தாமல் 200 மைக்ரோலிட்டருக்குச் சுருக்கினால் ஒரு மைக்ரோலிட்டரில் 120 பிகோகிராம் கிடைக்கும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய பென்சோ(ஏ)பைரீனை (நிறை 264) பிரித்தெடுப்பதற்கு முன்பே ஃபில்டர் மேல் விடுங்கள். கடைசியில் விட்டால் வழியில் இழந்தது தெரியாது. பென்சோ(இ)பைரீன் என்ற வேறு சேர்மத்துக்கும் இதே நிறை 252தான், பக்கத்திலேயே வரும்; இரண்டு சிகரமும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். குப்பி பழுப்பு நிறமாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் இது சிதையும்.