அம்மாவை டொரன்டோவுக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி: அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், வயது 74, சர்க்கரை உண்டு. நான் கனடா பிரஜை. சூப்பர் விசாவில் (பெற்றோர், தாத்தா-பாட்டி வந்து நீண்ட நாள் தங்க கனடா தரும் விசா) இங்கேயே கூட்டி வந்துவிடலாமா?
– வாசகர், டொரன்டோ

பதில்: வரலாம். 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம். உங்களுக்குப் போதிய வருமானம் வேண்டும், அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அப்புறம் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு. சிக்கல் இதில்தான். ஒன்டாரியோ அரசின் காப்பீடு விசாவில் வருபவருக்குக் கிடையாது, அதனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கு பாலிசியில் என்ன நிபந்தனை என்று வரி வரியாகப் படியுங்கள், சமீபத்தில் மாத்திரை அளவு மாறியிருந்தாலே பணம் தர மறுக்கிற பாலிசிகள் இருக்கின்றன.

அதெல்லாம் சரி, அம்மாவைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. ஜனவரிக் குளிரில், வீட்டில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பேச ஆளில்லாமல் சாயங்காலம் வரை அவர் என்ன செய்வார்? முதலில் மே முதல் செப்டம்பர் வரை வந்து இருந்து பார்க்கட்டும். கும்பகோணம் வீட்டை அதற்குள் விற்றுவிடாதீர்கள்.