அடியில் நூல் கூடு கட்டினால் மேலே பாருங்கள்

வீட்டில் கறுப்பு மெஷினில் சில ஆண்டுகள் தைத்துப் பழகிய நீங்கள், கைமாறி வந்த ஜூகி டிடிஎல் 8700 என்னும் தொழிற்சாலைத் தையல் மெஷின் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், நூல் கோத்துத் தைக்கத் தொடங்கினால் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிக்கொள்வதாகவும், இடையிடையே தையல் விட்டுப்போவதாகவும், சற்று வேகம் கூட்டினால் நூல் அறுந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக்கை அழைத்து ஹூக் டைமிங்கை, அதாவது ஊசி இறங்கி எழுவதோடு அடியில் சுற்றும் ஹூக் வந்து சேரும் நேரப் பொருத்தத்தை, மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். அதற்கு முன் நீங்களே பார்த்துச் சரிசெய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பதினேழு ஆண்டுகள் சிங்கர் டெய்லராக வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் ஒற்றை ஊசி மெஷினாக இருந்தாலும் அதைச் சிங்கர் என்றுதான் சொல்வோம். துணி ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக்கிலும், மடிப்பைத் தைக்கும் பேட்லாக்கிலும் வேலை செய்பவர்களைப் பவர் டேபிள் டெய்லர் என்போம். இப்போது வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு மெஷின் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும் என்பதால், மெக்கானிக் வந்து சேருவதற்குள் எதையெல்லாம் நாமே பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பெரும்பாலான நாட்களில் குற்றம் ஊசியிலோ நூல் வரும் வழியிலோதான் இருந்தது. உள்ளே இருக்கும் திருகைத் தொட வேண்டி வந்த நாட்கள் மிகக் குறைவு.

தொடங்கும் முன் ஒன்று. ஊசியையோ நூலையோ தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உங்களுடையது கிளட்ச் மோட்டாராக இருந்தால், அணைத்த பிறகும் அது சிறிது நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்போது கால் தவறிப் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். ஆகவே அணைத்தவுடன் பெடலை மிதித்து, மோட்டாரில் மிச்சமிருக்கும் ஓட்டம் முழுவதும் நின்றதைப் பார்த்த பிறகே கையை உள்ளே கொண்டுசெல்லுங்கள். விரலில் ஊசி ஏறி நகத்தைத் துளைத்துக்கொண்டு நின்றதை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது ஊசிக்கு வருவோம். நீங்கள் தைத்துப் பழகிய கறுப்பு மெஷின் பெரும்பாலும் சிங்கர் 15 என்னும் பழைய வடிவத்தின் வழிவந்ததாக இருக்கும். அதில் நூல் ஊசிக்காதில் வலமிருந்து இடமாக நுழையும்; ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் எப்படி மாட்டுவது என்று யோசிக்கவும் தேவையில்லை. 8700-இல் இரண்டுமே வேறு. இதற்குரிய டிபி 1 ஊசியின் தலை முழு உருண்டை; எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் உள்ளே போய்விடும், திருகும் இறுகிவிடும். ஆனால் ஊசியின் நீண்ட பள்ளம் நேர் இடப்பக்கமும், காதுக்கு மேலே குடைந்தாற்போல் இருக்கும் சிறு குழிவு நேர் வலப்பக்கமும் இருந்தால்தான் தையல் விழும். நூலையும் இடமிருந்து வலமாகத்தான் கோக்க வேண்டும். கறுப்பு மெஷினிலிருந்து இதற்கு வருகிற எல்லோருடைய கையும் பழக்கத்தில் வலப்பக்கம்தான் போகும்.

என் கையும் அப்படித்தான் போனது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊசி உடைந்து புது ஊசி மாட்டிய பிறகு ஒரு தையல்கூட விழாமல், நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே ஒரு காலை முழுவதையும் கழித்தேன். பக்கத்து மெஷினில் இருந்த அக்கா ஒருவர் எழுந்து வந்து, "டென்சனைத் திருகறத உட்டுப்போட்டு ஊசியத் தொட்டுப் பாரு கண்ணு" என்றார். ஊசியை விரல்களுக்கிடையே பிடித்து, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில் நகம் வழுக்கியது. மறுபக்கத்தில் நகத்தின் விளிம்பு ஒரு வாய்க்காலில் இறங்கியதுபோல் உள்ளே அமர்ந்து, அந்த வழியிலேயே காது வரை போயிற்று. அந்த வாய்க்கால்தான் இடப்பக்கம் வர வேண்டியது. அப்படியே நகத்தை ஊசி முனையைத் தாண்டி இழுங்கள். முனை மழுங்கியோ கொக்கிபோல் மடங்கியோ இருந்தால் நகத்தில் கீறல் விழும். அந்த ஊசியை அப்போதே மாற்றிவிடுங்கள். மாட்டும்போது, தலை மேலே முட்டும் வரை ஏற்றிய பிறகே திருகை இறுக்க வேண்டும்.

நூல் வரும் வழிக்கு இணையத்தில் படங்கள் கிடைக்கும்; ஆனால் படத்தைப் பார்த்துக் கோத்தவர்களும் தவறவிடும் இடங்களை மட்டும் சொல்கிறேன். நூல் கோன், ஸ்டாண்டின் மேலே உள்ள கொக்கிக்கு நேர் கீழே நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் நூல் கோனின் விளிம்பில் சிக்கிச் சிக்கி வரும், டென்ஷன் நொடிக்கு நொடி மாறும். கோக்கும்போது பிரஷர் ஃபூட்டை, அதாவது துணியை அழுத்தும் பாதத்தை, தூக்கி வைத்திருங்கள். பாதம் தூக்கியிருந்தால்தான் டென்ஷன் தட்டுகள் விரிந்திருக்கும். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் அவற்றின் விளிம்பிலேயே நின்றுவிடும். தட்டுகளைச் சுற்றி வரும் நூல் அங்கே இருக்கும் மெல்லிய சுருள் கம்பியிலும் மாட்டியாக வேண்டும். அடுத்து, மேலும் கீழும் ஏறி இறங்கும் லீவரின் துளையில் வலமிருந்து இடமாகக் கோத்து, இடப்புறமுள்ள வழிகாட்டிகளிலும் ஊசிக்கம்பியின் அடியில் இருக்கும் சிறு வளையத்திலும் நுழைத்து, அதன் பிறகே ஊசிக்காதுக்கு வாருங்கள். அந்தச் சிறு வளையத்தை விட்டுவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

கோத்து முடித்ததும் பாதத்தை இறக்கி, ஊசிக்கருகே நூலை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக, ஆனால் ஒரே சீராக வர வேண்டும். பாதத்தைத் தூக்கி இழுத்தால் தளர்ந்து வர வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லையென்றால் நூல் தட்டுகளுக்கு இடையில் இல்லை.

இங்கேதான் உங்கள் முதல் குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். துணிக்கு அடியில் நூல் குவிவதைப் பார்த்தால் யாரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டைப் பிரித்துப் பாருங்கள், அதில் இருப்பது மேல்நூலாக இருக்கும். ஊசி கீழே இறங்கிச் சற்று மேலே எழும்போது, அதன் வலப்பக்கத்தில் நூல் சிறு கண்ணியாகப் புடைக்கிறது. ஹூக்கின் முனை அந்தக் கண்ணியைப் பிடித்துப் பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுவருகிறது. சுற்றி முடிந்ததும், அவ்வளவு நீளத்துக்கு வந்த நூலை மேலே உள்ள லீவர் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். டென்ஷன் இல்லாத நூலை லீவர் இழுத்தால், கீழே இருக்கும் கண்ணி சுருங்குவதற்குப் பதிலாகக் கோனிலிருந்து புது நூல்தான் வரும். கண்ணி அப்படியே துணிக்கு அடியில் தங்கிவிடும். அடுத்த தையலின் கண்ணியும் அதன்மேல் வந்து விழும். லீவரின் துளையிலிருந்தே நூல் நழுவியிருந்தால் இரண்டு மூன்று தையலுக்குள் மெஷினே இறுகிவிடும்.

ஆகவே கூடு கட்டினால் முதலில் மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி, தொடக்கத்திலிருந்து மறுபடியும் கோத்துவிடுங்கள். எங்கே தவறியது என்று தேடுவதைவிட இது விரைவானது. கூடு ஒவ்வொரு தையலின் தொடக்கத்தில் மட்டும் வருகிறது என்றால் காரணம் வேறு: லீவர் முழு உயரத்தில் இல்லாத நிலையில் துணியை வெளியே இழுத்திருப்பீர்கள், அல்லது தொடங்கும்போது நூல் முனைகளைப் பிடிக்காமல் விட்டிருப்பீர்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி லீவரை மேலே நிறுத்திய பிறகே துணியை எடுங்கள். தொடங்கும்போது இரு நூல் முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள்.

பாபினைப் பொறுத்தவரை, விளிம்பு வரை நூலைச் சுற்றாதீர்கள். ஐந்தில் நான்கு பங்கு போதும். கேஸில் போட்டு நூலை ஸ்பிரிங்கின் அடியில் இழுத்த பிறகு, நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது நிற்க வேண்டும். மணிக்கட்டை ஒருமுறை மெல்லச் சுண்டினால் இரண்டு விரற்கடை இறங்கி மீண்டும் நிற்க வேண்டும். கிணற்றில் வாளி இறங்குவதுபோல் சரசரவென்று இறங்கினால் அந்தச் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் அடியில் பஞ்சு அடைந்திருந்தாலும் இறுக்கம் கெட்டுவிடும். ஒரு தடித்த காகிதத்தின் முனையால் அதைத் தள்ளிவிடலாம். பாபின் கேஸைச் சரிசெய்த பிறகு அதைத் தொடாமல் விட்டுவிட்டு, மீதிச் சமநிலையை மேல் டென்ஷனிலேயே கொண்டுவருவது என் வழக்கம். மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் போட்டு ஒரு கழிவுத் துணியில் தைத்துப் பாருங்கள்: அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் தளர்வு, மேலே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம்.

தையல் விடுவதற்கு, ஊசி சற்றே திரும்பியிருப்பது, வளைந்திருப்பது, துணிக்கும் நூலுக்கும் பொருந்தாத எண்ணில் இருப்பது ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஊசியைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து உருட்டினால் வளைவு உடனே தெரியும். பனியன் துணிக்கு நாங்கள் 9 அல்லது 11-ஆம் எண் ஊசியை, அதுவும் முனை உருண்டையான பால் பாயின்ட் ஊசியைப் போடுவோம். கூர்முனை ஊசி பின்னலின் இழையையே அறுத்துவிடும், இரண்டு முறை துவைத்ததும் தையல் ஓரத்தில் வரிசையாக ஓட்டை தெரியும். சட்டைத் துணிக்கு 11 அல்லது 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. பனியன் துணியின் நீளும் இடங்களில் இந்த மெஷினின் தையலைப் போடாதீர்கள். துணி நீளும் அளவுக்கு லாக் தையல் நீளாது, நூல் அறும், அதை மெஷினின் குறையாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் கம்பெனிகளில் பக்கத் தையலை ஓவர்லாக்குக்கு விட்டுவிட்டு, லேபிள், பட்டி, பாக்கெட் ஆகியவற்றை மட்டும் சிங்கரில் தைப்பது அதனால்தான்.

நூல் அறுந்தால் அந்த முனையை உடனே வெட்டி எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதில் காரணம் தெரியும். முனை பஞ்சுபோல் பிரிந்து கிடந்தால் வழியில் எங்கோ உராய்கிறது: ஊசிக்காது தேய்ந்திருக்கலாம், அல்லது முன்பு ஊசி உடைந்தபோது, ஊசி இறங்கும் பிளேட்டின் துளையிலோ ஹூக்கின் முனையிலோ பிசிறு விழுந்திருக்கலாம். கைமாறி வந்த மெஷினில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன். சிறிது பஞ்சை எடுத்துத் துளையின் உள்விளிம்பைச் சுற்றித் தேய்த்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். பிளேட்டை மிக நுண்ணிய எமரித் தாளால் நீங்களே தேய்த்துவிடலாம். ஹூக்கை மெக்கானிக்கிடம் விடுங்கள். முனை கத்தரித்ததுபோல் சீராக இருந்தால் மேல் டென்ஷன் மிகுதி, அல்லது நூல் எங்கோ சுற்றிக்கொண்டு சட்டென்று இழுபட்டிருக்கிறது. முனையில் கடுகை விடச் சிறிய கட்டியான உருண்டை இருந்தால் நூல் உருகியிருக்கிறது. பாலியஸ்டர் நூல் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். நிமிடத்துக்கு 4000 தையல் என்றால் நொடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட முறை ஊசி துணியைத் துளைக்கிறது, தடித்த துணியில் அந்த உராய்வே ஊசியைச் சுட வைத்துவிடுகிறது. இந்த மெஷின் 5500 வரை ஓடும் என்பதற்காக அந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வேகம் கூட்டும்போதுதான் அறுகிறது என்று எழுதியிருப்பதால், அடுத்த முறை முனையைத் தொட்டுப் பாருங்கள்.

எண்ணெயையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் அடித்தட்டில் நிற்கும் எண்ணெயைத் தானே மேலேற்றிக்கொள்ளும். தலைப்பகுதியில் உள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில், ஓடும்போது எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தட்டில் உள்ள மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில் எண்ணெய் நிற்கட்டும். வீட்டு மெஷினுக்கு விட்ட பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள். அது நாளடைவில் பிசினாக இறுகி உள்ளே இருக்கும் வழிகளை அடைத்துவிடும். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த மெஷினாக இருந்தால், முதல் பத்து நிமிடங்கள் 3000 தையலை ஒட்டிய வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துவிடுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்திட்ட பிறகே புது ஊசி தருவார்கள். குழந்தைகளின் உடுப்பில் ஒரு முனை தங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. நீங்களும் செய்யத் தகுந்தது.

புது ஊசி, மறுபடியும் கோத்த நூல், சுத்தமான பாபின் கேஸ், பிசிறில்லாத பிளேட் ஆகிய நான்கையும் முடித்த பிறகும் தையல் விட்டால் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். ஊசிக்கம்பியில் டிபி ஊசிக்கென்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஊசி முழுவதும் இறங்கிய நிலையில் மேல்கோடு, கம்பி ஏறி இறங்கும் புஷ்ஷின் கீழ் விளிம்பில் நிற்க வேண்டும், சற்று எழுந்து கீழ்கோடு அதே விளிம்புக்கு வரும்போது ஹூக்கின் முனை ஊசியின் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான், அதாவது ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை. அதைக் கண்ணால் அளந்து பழகிய கை வேண்டும். மெக்கானிக் வரும்போது, கழற்றிய பழைய ஊசியையும் அறுந்த நூல் முனைகளையும் நீங்கள் தைத்துப் பார்த்த சிவப்பு வெள்ளைத் துணியையும் எடுத்துவைத்து, திருப்புளியை எடுப்பதற்கு முன் அவரிடம் அவற்றைக் காட்டுங்கள்.