இரண்டு என்று எப்படித் தெரியும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரங்களான வெண்குறுமீன்களின் ஜோடிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஏழு நிமிடத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிவிடும் இரண்டு நட்சத்திரங்கள் என்றதும் ஒரு பையன் எழுந்து, "டெலஸ்கோப்புல பார்த்தா ரெண்டாத் தெரியுமா டீச்சர்?" என்றான். ஒரே புள்ளியாகத்தான் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் இரண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஊகமா?

ஓர் ஆசிரியை, கொரடாச்சேரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

நான் அவசரமாகத் தாண்டிப்போன இடத்தை அந்தப் பையன் சரியாகப் பிடித்துவிட்டான். அவனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஊகமில்லை. அந்த ஏழு நிமிட ஜோடி, 2019-இல் வானியலாளர் கெவின் பர்ட்ஜ் குழுவினர் அறிவித்தது. கலிபோர்னியாவின் பலோமார் மலையிலிருந்து வட வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் தொலைநோக்கியின் பதிவுகளில் அகப்பட்டது. ஒரே புள்ளிதான், ஆனால் 6.91 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது. ஒன்றை மற்றது மறைக்கும் கிரகணம் அது. இரண்டுக்கும் இடையே சுமார் 80,000 கிலோமீட்டர்தான். அந்த இடத்தில் நம் சூரியன் ஒன்றுகூட நிற்காது. எரிந்து முடிந்து, ஏறத்தாழ பூமியளவுக்குச் சுருங்கிய வெண்குறுமீன்களால்தான் முடியும்.

சரி, மங்குவதற்கு வேறு காரணம் இருக்கக்கூடாதா என்று அடுத்துக் கேட்பான். அவனை நீடாமங்கலம் கேட்டில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். ரயில் நெருங்கும்போது ஹாரன் கூர்மையாகக் கேட்கும், கடந்ததும் சட்டென்று தணியும். ஒளியும் அப்படித்தான். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அவை நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். ஹவாயின் கெக் தொலைநோக்கியில் பார்த்தபோது கோடுகள் அதே தாளத்தில் ஆடின. ஒன்றின் கோடுகள் நீலத்துக்குப் போனபோது மற்றதன் கோடுகள் சிவப்புக்குப் போயின. இரண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் மனசை விட்டு அகலாதது இன்னொரு ஜோடி. 2011-இல் வாரன் பிரவுன், முக்ரெமின் கிலிச் குழுவினர் கண்டது. சுற்றிவர 12.75 நிமிடம். ஓராண்டு கழித்துப் பார்த்தால், கிரகணம் வரவேண்டிய நேரத்துக்குச் சுமார் 6 விநாடி முன்னதாகவே வந்துவிட்டது! வெளியையே அசைத்துப் பரவும் ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியேறுகிறது, அதனால் இரண்டும் நெருங்குகின்றன, நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொன்னபடியே. வரப்பில் நண்டு வளை இருப்பதைக் கண்ணால் பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? காலையில் வயலில் தண்ணீர் இறங்கியிருந்தால் போதும், தெரிந்துவிடும்.

வெண்குறுமீன் அதிகபட்சம் எவ்வளவு நிறை தாங்கும் என்று கணக்கிட்ட வானியற்பியலாளர் சந்திரசேகர், சி.வி.ராமனின் அண்ணன் மகன்; ராமன் பிறந்தது நம் திருவானைக்காவலில். இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

இந்த ஜோடிகளின் ஈர்ப்பலைகளை நேரடியாகப் பதிவுசெய்ய, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2035 வாக்கில் லிசா என்ற மூன்று விண்கலங்களை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. அப்போது அவனுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அடுத்த கேள்வியை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.